பூட்டிய அறைக்குப் போன காற்று

ஏசி காற்றுக் குழாய் போடுகிற டக்ட் வேலைக்காரனைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் தாங்களே எதையாவது செய்து பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். ஆளில்லாத அறையில் காற்று வரும் கிரில்லை மூடுவார்கள். அதன் மேல் அட்டையை ஒட்டுவார்கள். காற்று திரும்பிப் போகிற பெரிய கிரில்லை மறைத்துச் சோபாவைப் போடுவார்கள். பிறகு ஏசி சரியில்லை என்று என்னை வரவழைத்து, நான் ஏணியை விரிப்பதற்குள் எனக்கே பாடம் நடத்துவார்கள். எனக்கு எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிறது என்று என் மனைவி சொல்வாள். ஒரு வாரம் என்னோடு வேலைக்கு வந்து பார்த்தால் அவளும் கத்துவாள்.

அதனால் அக்கா போன் செய்து, ஹாலில் உட்கார முடியவில்லை, அனலாக அடிக்கிறது, வந்து பார் என்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, யார் எதைத் தொட்டது என்பதுதான். யாரும் எதையும் தொடவில்லை என்றாள். அவள் சொன்ன வேகத்திலேயே யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அக்கா வீட்டுக்குள் நான் கால் வைத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவள் கணவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன், கூப்பிட்ட காலத்தில். மாமாவுக்குச் சொந்தமாக ஒரு ரொட்டிக்கடை. விடிவதற்கு முன்னால் போய் அடுப்பின் முன் நின்றாரானால் மதியம் தாண்டித்தான் வீடு திரும்புவார். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சரியான கல்லுளிமங்கன். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார். ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இருமுவார்.

அவர்களுக்கு ஒரே மகள். தனக்குப் பிறகு கடையை அவள்தான் நடத்துவாள் என்று மாமா மனக்கோட்டை கட்டி வைத்திருந்தார். அவளோ ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எனக்குக் கடை வேண்டாம், ஒருத்தரைப் பிடித்திருக்கிறது, கப்பலில் வேலை, அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இரண்டு குண்டையும் ஒன்றாகப் போட்டாள். அடுத்த வாரம் வீட்டை விட்டுக் கிளம்பினாள். அவளுடைய பெட்டி, புத்தகம், மேஜை விளக்கு எல்லாவற்றையும் ஏற்றிப்போனது என் வேன்தான். மருமகள் கேட்டால் தாய்மாமன் வண்டி எடுக்க மாட்டானா? அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. மாமா அன்றைக்கு வாசலில் நின்று, அவளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார்.

"அந்த ரூம் இனிமே வேணாம். பூட்டிடுறேன். மேல ஏறி அதுக்குப் போற காத்தையும் அடைச்சுடுறேன்."

சொன்னபடியே பூட்டினார். சாவி அவர் சட்டைப்பைக்குள் போனது. அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. ஏசி சர்வீஸுக்குக்கூட வேறு ஆளைக் கூப்பிட்டார். அந்த வீட்டு டக்ட் முழுக்க நான் என் கையால் வளைத்து, ஒட்டி, தொங்கவிட்டது. அதை எவனோ ஒருத்தன் தட்டிப் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா போனை வைக்காமல் அழுததற்குக் காரணம் ஹாலின் சூடு மட்டுமல்ல. ஊரின் இன்னொரு கோடியில் குடியிருந்த மருமகள் மாசமாக இருந்தாள். பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவன் நடுக்கடலில், குழந்தை பிறந்த பிறகுதான் கரையைப் பார்ப்பான். தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் அக்காவிடம் பட்டென்று ஒன்று சொன்னாளாம். எனக்கு நம்ம வீட்டுக்கு வரவேண்டும் போல இருக்கிறது, ஆனால் நீ கூப்பிட்டு வரமாட்டேன், அப்பா தன் வாயால் வா என்றால் வருவேன், இல்லாவிட்டால் தோழி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று. தோழி வீடு ரயிலில் ஒரு பகல் தூரம். இந்த வாரத்தைத் தாண்டினால் அவள் பயணமே செய்யக்கூடாது. அங்கே போனால் குழந்தை பிறக்கிறவரை அங்கேதான்.

அக்கா இதை மாமாவிடம் சொல்லாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். மாமா கேட்டுக்கொண்டார், இருமினார், மேலே எலி ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று ஏணியை எடுத்துக்கொண்டு மச்சுக்கு ஏறிவிட்டார்.

"பொண்ணு பிள்ளை பெத்துக்க எங்க போறதுன்னு கேக்குறா. இந்த மனுஷன் எலி பிடிக்கப் போறாரு. நான் யார்கிட்டடா போய்ச் சொல்றது?" என்றாள் அக்கா.

மாமா கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து என்னை வரச் சொன்னாள். சொந்த அக்கா வீட்டுக்குத் திருடன் மாதிரி, வேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் ஹாலின் சூடு முகத்தில் அறைந்தது. அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

அந்த வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் மற்றது புரியும். மாடி இல்லாத வீடு. ஹால், சமையலறை, அவர்கள் படுக்கும் அறை, சாமான் போடும் சின்ன அறை, பிறகு பூட்டிய அறை. எல்லாவற்றுக்கும் சேர்த்து நடைவழியின் கோடியில், ஒரு அலமாரிக்குள் ஒரே ஏசி மெஷின். ஃபால்ஸ் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இருக்கும் இடத்தைத்தான் மச்சு என்கிறோம். மெஷினிலிருந்து கிளம்பும் பெரிய டக்ட் அந்த மச்சின் வழியே போய், ஒவ்வொரு அறைக்கும் கிளை பிரியும். ஒவ்வொரு கிளைக்குள்ளும் ஒரு தகடு, வெளியே அதைத் திருப்ப ஒரு கைப்பிடி. அதற்கு டேம்பர் என்று பெயர். கைப்பிடி டக்டின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் வழி திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. அறைகளுக்குப் போன காற்று கதவிடுக்குகள் வழியாக நடைவழிக்கு வந்து, அங்கே சுவரில் இருக்கும் பெரிய கிரில் வழியாக மெஷினுக்கே திரும்பும். போன காற்று திரும்பி வந்தாக வேண்டும். மொத்த வித்தையும் அவ்வளவுதான், ஆனால் அந்தத் திரும்புகிற பாதி யாருக்கும் மண்டையில் ஏறுவதில்லை.

டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஹால் கிரில்லுக்குக் கீழே பிடித்தேன். அசையாமல் தொங்கியது. சமையலறையிலும் அப்படித்தான், படுக்கையறையிலும் அப்படித்தான். மெஷின் அலமாரியைத் திறந்து பார்த்தால் ஃபில்டர் சுத்தமாக இருந்தது, உள்ளே குளிர்ச்சி தரும் காயில் மட்டும் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி பிடித்துக் கிடந்தது. ஓடவேண்டிய காற்று ஓடாமல் எங்கோ அடைபட்டால்தான் அப்படி உறையும். ஐஸ் முழுக்க மூடிக்கொண்டால் பிறகு கொஞ்சநஞ்சக் காற்றும் போகாது. வீடு கொதிக்கும், மெஷின் பனியில் விறைத்து நிற்கும்.

நடைவழியில் மெல்லியதாக ஒரு விசில் கேட்டது. பூட்டிய அறைக் கதவின் அடியில் பழைய துண்டு ஒன்று சுருட்டிச் செருகியிருந்தது. அதைக் காட்டிக் கேட்டதற்கு, மெஷின் ஓடும்போதெல்லாம் அந்த அறை விசில் அடிக்கிறது, கேட்கவே ஒரு மாதிரியாக இருந்தது, அதனால்தான் துணி வைத்து அடைத்தேன் என்றாள் அக்கா. குனிந்து துண்டை உருவினேன். உள்ளேயிருந்து காற்று என் உள்ளங்கையைத் தள்ளியது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அடைத்துவிட்ட அறையிலிருந்து காற்று எப்படி வரும்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா கைப்பிடிகளைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார். மூட வேண்டியதைத் திறந்து, திறக்க வேண்டியதை எல்லாம் மூடிவிட்டார். எலி பிடிக்கப் போனவர் வீட்டையே வேகவைத்துவிட்டார் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவளுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இதைச் சரிசெய்துவிட்டு நீ சீக்கிரம் கிளம்பு என்றாள்.

குளிரூட்டுவதை நிறுத்தி, ஐஸ் உருகட்டும் என்று விசிறியை மட்டும் ஓடவிட்டேன். ஏணியை மச்சு மூடிக்குக் கீழே நிறுத்தும்போது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. மாமா அன்றைக்கென்று பார்த்து நேரத்தோடு வந்துவிட்டார். கையில் ரொட்டிப் பை, முழங்கை வரை மாவு. இளைத்திருந்தார். என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான்," என்றாள் அக்கா. "என்னால இந்தச் சூட்டுல கிடந்து வேக முடியாது."

எனக்கும் அவருக்கும் நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம்தான். ஆனாலும் எங்கள் பேச்சு முழுக்க அக்கா வழியாகப் போய்வந்தது. மேலே ஒன்றும் பார்க்க வேண்டாம் என்று அவனிடம் சொல்லு என்றார் அவர். பார்க்காமல் சரிசெய்ய எனக்கு மந்திரம் தெரியாது என்று அவரிடம் சொல்லு என்றேன் நான். மெஷின் பழசு, அதான் அப்படி என்று சொல்லு என்றார். மெஷின் மேல் பழிபோட வேண்டாம், அது வாய் பேசாத ஜீவன் என்று சொல்லு என்றேன். அக்கா கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு நான் என்ன தபால்காரியா என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தாள். நான் ஏறிவிட்டேன். மாமா தடுக்கவில்லை, ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்படியில் வேலை செய்கிறவருக்கு ஏணி ஆடினால் பொறுக்காது போலிருக்கிறது.

மேலே டார்ச்சை அடித்ததும் நான் நினைத்தபடிதான் இருந்தது. ஹாலுக்குப் போகும் கைப்பிடி குறுக்கே, சமையலறைக்குப் போவது குறுக்கே, படுக்கையறைக்கும் சாமான் அறைக்கும் போவதும் குறுக்கே. பூட்டிய அறைக்குப் போகிற கிளையில் மட்டும் கைப்பிடி நீளவாக்கில் நின்றது. கீழே இறங்கியதும் என்னென்ன சொல்லிக் கேலி செய்யலாம் என்று மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே அந்தப் பக்கம் தவழ்ந்தேன்.

கிட்டே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. மற்ற நான்கு கைப்பிடிகளிலும் தூசு அழிந்து விரல் தடம் பளிச்சென்று தெரிந்தது. சமீபத்தில் திருப்பியது. பூட்டிய அறையின் கைப்பிடியில் அப்படி ஒரு தடமும் இல்லை. வருஷக்கணக்கான தூசு மெத்தை மாதிரி படிந்து, கொஞ்சமும் கலையாமல் இருந்தது. இந்தக் கைப்பிடியை யாரும் தொட்டதே இல்லை. மகள் போன அன்றைக்கு இவர் மேலே ஏறினார், ஆனால் எதையும் அடைக்கவில்லை. சும்மா ஏறி, சும்மா இறங்கியிருக்கிறார்.

அதோடு விடவில்லை. அந்த அறைக்குப் போகும் கிளையை, தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம்வரை துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. நல்ல தடித்த வெள்ளைத் துணி, கடையில் பிசைந்த மாவை மூடி வைக்கிற துணி. அதன் மேல் ரொட்டிப் பெட்டி கட்டும் நூல், ஒவ்வொரு சாணுக்கும் ஒரு முடிச்சு. இணைப்புகளில் காற்று கசியாமல் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே டேப்பை, அட்டைப் பெட்டி ஒட்டுகிற டேப்பை, மேலும் மேலும் ஒட்டியிருந்தார். மச்சின் சூட்டுக்கு அது ஏற்கனவே உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தரைத் தூசில், மூடியிலிருந்து அந்தக் கிளை வரைக்கும் முழங்கால் தடங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. ஒருநாள் வந்துபோன தடமல்ல. முட்டி வலிக்கிறது என்று கோயிலுக்குக்கூட நடக்காத மனுஷர் இந்தக் கொதிப்பில் திரும்பத் திரும்பத் தவழ்ந்து வந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் அழுகை. வா என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதவர் இங்கே வந்து ஊருக்குத் தெரியாமல் டக்டுக்குப் போர்வை போர்த்துகிறார். அங்கே அவள் ஒரு வார்த்தைக்காகப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரையும் நிற்க வைத்து நாலு அறை விடலாம் போல இருந்தது.

இறங்கினேன். மாமா இன்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் நான் எதைப் பார்த்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ரூம் சாவி வேணும்," என்றேன்.

அக்கா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். "அந்த ரூமுக்கும் இதுக்கும் என்னடா? அவரு அடைச்ச ரூம்தானே அது."

"அடைக்கவே இல்லக்கா," என்றேன். "ஒருநாள்கூட அடைக்கல. இப்ப உங்க எல்லார் காத்தையும் அடைச்சு அதுக்கு விட்டிருக்காரு."

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா இருமினார். அவள் பார்வையை எடுக்காமல் நிற்கவே, சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துத் தானே போய்ப் பூட்டைத் திறந்தார். கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. உள்ளே அடைந்து நின்ற காற்று அதைத் தள்ளிப் பிடித்தது, தோளால் ஒரு அழுத்து அழுத்தித்தான் திறந்தார்.

மூன்று வருஷம் பூட்டிக் கிடந்த அறை மாதிரியே இல்லை. தரை துடைத்திருந்தது. வெயில் விழும் ஜன்னலுக்கு இரட்டைத் திரை. முன்பு கிரில்லுக்கு நேர் கீழே இருந்த கட்டில் எதிர்ச் சுவருக்கு மாறியிருந்தது, அதன் மேல் துவைத்து மடித்த விரிப்பு. தலைமாட்டுச் சுவரில் ஒரு ஆணி, அதில் கடையில் மாவு பொங்க வைக்கும் அறையில் தொங்குகிற வெப்பமானி. அக்கா வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தான் வெளியே போய்வந்த நேரங்களில் தன் வீட்டுக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவும் செஞ்சுட்டு, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

மாமா வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"குளிரவே மாட்டேங்குது. அவளுக்குச் சூடு ஆகாது, சின்ன வயசுல மூக்குல ரத்தம் வரும். குளிர்ந்ததும் வான்னு சொல்லலாம்னு இருந்தேன்."

மற்றதை என்னால் ஊகிக்க முடிந்தது. மகள் கேட்ட அன்றைக்கே டக்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறார். அறை குளிரவில்லை. சாமான் அறையை அடைத்தார், குளிரவில்லை. சமையலறையை அடைத்தார், தாங்கள் படுக்கிற அறையை அடைத்தார், கடைசியில் ஹாலையும் அடைத்தார். ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு வந்து இந்தக் கதவைப் பூட்டி, அடுத்த நாள் வெப்பமானியைப் பார்த்தால் முந்தின நாளைவிடச் சூடு கூடியிருக்கும். அதனால் இன்னும் இறுக்கிப் பூட்டினார். அடுப்புக்காரரின் புத்தி அது. அடுப்பில் சூடு நிற்க வேண்டுமானால் கதவை இறுக்கிச் சாத்த வேண்டும். குளிருக்கும் அதே சட்டம் என்று நினைத்துவிட்டார். ஊரில் எந்தத் தச்சனும் எந்தத் தையல்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான், இதற்கு ஒரு ரொட்டிக்காரர்தான் வேண்டும்.

கதவை அகலத் திறந்து வைத்து அவருக்கு விளக்கினேன். விளக்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, திட்டினேன் என்பதே சரி. வெளியே போக இடமில்லாமல் கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே எவ்வளவு தள்ளினாலும் காற்று புகாது, வாய்நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு இன்னொரு கவளம் திணிக்கிற மாதிரிதான் என்றேன். போதாக்குறைக்கு அக்கா வேறு கதவிடுக்கில் துண்டைச் செருகியிருக்கிறாள். மற்ற நான்கு வழியையும் அடைத்தால் மெஷினுக்கு மூச்சு முட்டி ஐஸ் பிடிக்கும், பிறகு இந்த அறைக்கும் ஒன்றும் வராது என்றேன். அட்டைப்பெட்டி டேப்பை டக்டில் ஒட்டுகிறவனை நான் என் தொழிலில் சேர்க்க மாட்டேன் என்றும் சொன்னேன். மாமா எல்லாவற்றையும் கைகட்டிக் கேட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை, அப்ப பூட்டினதுதான் தப்பா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார். அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

பிறகு வேலையைப் பார்த்தோம். மச்சில் உரிந்த டேப்பை எல்லாம் பிய்த்துவிட்டு, இணைப்புகளில் பசை பூசி அதன் மேல் ஃபாயில் டேப்பை ஒட்டினேன். சூட்டுக்கு உரியாத டேப் அதுதான். அவர் சுற்றிய துணியை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மச்சில் பருத்தித் துணி கூடாது, ஈரம் பிடித்தால் பூஞ்சை வரும், அந்தக் காற்றைத்தான் பச்சைக் குழந்தை சுவாசிக்க வேண்டியிருக்கும். அவிழ்த்துவிட்டு, வேனிலிருந்து சரியான உறையைக் கொண்டுவந்து சுற்றினேன். அவ்வளவு முடிச்சையும் அவிழ்க்க முடியவில்லை, கத்தியால்தான் வெட்டினேன். வெட்டும்போது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

கீழே கதவைக் கழற்றிப் படுக்கப்போட்டு, அடிப்பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு அறுத்தோம். மாமா ஒரு முனையை அமுக்கிப் பிடித்தார், நான் ரம்பத்தைப் பிடித்தேன். இனி அந்தக் கதவைச் சாத்தினாலும் காற்று அடியில் போய்வரும். மெஷினில் ஐஸ் உருகித் தண்ணீர் வழிந்து முடிந்திருந்தது. குளிரூட்டுவதைப் போட்டுவிட்டு மறுபடி மச்சு மூடிக்குள் தலையை நீட்டினேன்.

இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. டேம்பரை எல்லாம் முழுக்கத் திறந்துவிட்டு இறங்குவது வேலையல்ல. எந்த அறையில் ஆள் இருப்பார்கள், எத்தனை பேர் என்று கேட்டுத்தான் கைப்பிடியை நிறுத்த வேண்டும். காலி அறைக்குக் கொஞ்சம் போதும், ஆள் இருக்கிற அறைக்கு அதிகம் வேண்டும். எந்த வீட்டிலும் நான் கேட்கிற கேள்விதான். ஏணி மேலேயே நின்றுகொண்டு கேட்டேன்.

"அக்கா, ஹால்ல எப்பவும் ஆள் இருக்கும், சரி. சமையலறைக்கு நீ. பெரிய ரூமுக்கு நீங்க ரெண்டு பேர். இந்த ரூம் எப்படி? காலி ரூமா, ஆள் இருக்கிற ரூமா? அவரைக் கேட்டுச் சொல்லு."

அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். இந்த ஒன்றை மட்டும் அவள் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டாள் என்று தெரிந்தது. மாமா ஏணிக் காலைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூன்று வருஷம் காத்திருந்தவன், இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் குறைந்துவிட மாட்டேன்.

"ஆள் இருக்கும்," என்றார்.

"எத்தனை பேரு?"

"ரெண்டு." பிறகு தலையைத் தூக்கி என்னையே பார்த்துச் சொன்னார். "காத்து நேரா கட்டில்மேல படாம வைடா மாப்ள. ஒண்ணு ரொம்பச் சின்னதா இருக்கும்."

அக்கா அப்படியே நடைவழிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நான் கைப்பிடியை ஒருமுறை தப்பாக நிறுத்தி மறுபடி சரிசெய்தேன். கிரில்லின் தகடுகளைக் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்டு இறங்கி, இதை என்னிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, கேட்க வேண்டியவள் வேறே என்றேன். அக்கா கண்ணைத் துடைக்காமலேயே போனில் மகளை அழைத்து, மணி அடிக்கும்போதே அதை அவர் கையில் திணித்தாள். அவர் அதை மாவுக் கையோடு வாங்கி, சூடான தட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா?" என்று அவள் குரல் எங்களுக்கே கேட்டது.

"அப்பா," என்றார் அவர்.

லைன் போய்விட்டதோ என்று அக்கா எட்டிப் பார்த்தாள். போகவில்லை. மாமா திறந்திருந்த அறைக்குள் போய், ஆணியில் தொங்கிய வெப்பமானிக்கு முன்னால் நின்றுகொண்டார். அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னார்.

"ரூம் இன்னும் சரியா குளிரலம்மா. பரவாயில்லையா? வர்றியா?"

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அழுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது. மாமா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். நடுநடுவே தலையை ஆட்டினார், போனில் தலையாட்டுவது தெரியாது என்பதுகூட அவருக்கு நினைவில்லை. கடைசியில், "அழாத, மூச்சு வாங்கும். பெட்டி எதையும் நீ தூக்காத. நானே வர்றேன்," என்றார்.

போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்குப் போனார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, அந்த மனுஷருக்கு அவள் வீட்டுக்குப் போகிற வழி தெரியாதுடா, கூட வா என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.